82 டிகிரியா, குப்பைத்தொட்டியா? அம்பாசடர் தெர்மோஸ்டாட் தகராறு

தக்கலை_1489:
ஆசான் நேற்று அருளிய உபதேசம்: "பழைய அம்பாசடர் சூடாகுதா? தெர்மோஸ்டாட்டைக் கழட்டித் தூர எறி. நம்ம ஊர் வெயிலுக்கு அந்தச் சவம் எதுக்கு?" இதைப் படிச்சிட்டு எத்தனை பேரு ஸ்பானரைத் தூக்கினாங்களோ.

தெர்மோஸ்டாட்டுங்கிறது எஞ்சின் சூடாகுற வரைக்கும் தண்ணியை ரேடியேட்டருக்கு விடாம மூடி வைக்கிற வால்வு. அம்பாசடரோட 1489 சிசி பி சீரிஸ் எஞ்சினுக்கு 82 டிகிரியில திறக்குற வால்வு வேணும். அது இல்லேன்னா தண்ணி ஸ்டார்ட் பண்ணின நிமிஷத்திலிருந்தே ரேடியேட்டருக்குள்ள ஓடும். ஆடிக்காத்துல ஆரல்வாய்மொழி பக்கம் 60ல போனா எஞ்சின் உரிய சூட்டுக்கு வரவே வராது. பெட்ரோல் முழுசா ஆவியாகாம சிலிண்டர் சுவத்து ஆயிலைக் கழுவிரும், ரிங் தேயும். ஆயில் ஊத்துற மூடிக்கு அடியில மோர் மாதிரி வெள்ளையா படியும். அதைப் பாத்து ஹெட்டுக்கு அடியில உள்ள பேக்கிங் (ஹெட் கேஸ்கட்) போச்சுன்னு ஹெட்டைக் கழட்டுற மெக்கானிக்கும் உண்டு.

ஆரல்_ஆசான்:
வந்துட்டார் 82. அந்த எஞ்சின் மாரிஸ் ஆக்ஸ்போர்டுங்கிற இங்கிலாந்துக் காரோட வந்தது வேய். பனியில நடுங்குற ஊர்க் கணக்கு அது. இங்க கோதையாறு ரோட்டுல ஆள் ஏத்திக்கிட்டு ரெண்டாம் கியர்ல ஏறும்போது உம்ம 82 வந்து தள்ளுமா?

தக்கலை_1489:
சூட்டு நாட்டுக்கு 74, பொதுவா 82, குளிர் நாட்டுக்கு 88னு பி சீரிஸுக்கு மூணு வால்வு உண்டு. வெயில் பயம்னா 74 போடும். கழட்டி எறியணும்னு எந்தப் புத்தகத்துல இருக்கு?

ஆரல்_ஆசான்:
மக்களே பாத்துக்கிடுங்க! காலைல 82, மத்தியானம் 74. ராத்திரிக்குள்ள நம்ம வழிக்கு வந்திருவார்.

தக்கலை_1489:
82தான். 74 சூட்டு நாட்டுக்கு உள்ளதுன்னுதான் சொன்னேன்.

ஆரல்_ஆசான்:
அப்போ கன்னியாகுமரி குளிர் நாடா?

நடுவில்_ஒருத்தன்:
அண்ணாச்சிமாரே, 'சூடாகுது'ன்னா எதைச் சொல்றீங்க? மீட்டர் முள் ஏறுறதா, தண்ணி கொதிச்சு வெளிய வர்றதா? 7 பி.எஸ்.ஐ அழுத்தம் தாங்குற ரேடியேட்டர் மூடி ஒழுங்கா இருந்தா தண்ணி 110 டிகிரி தாண்டித்தான் கொதிக்கும். மூடி ரப்பர் போயிருந்தா 100லயே கொதிக்கும். முதல்ல அதைப் பேசலாமே.

ஆரல்_ஆசான்:
தம்பி, பெரியவங்க பேசும்போது மூடியைக் கொண்டு வராதே. சோழவரத்துல ரேஸ் ஓடின காலத்துல எந்த வண்டியில தெர்மோஸ்டாட் இருந்தது?

தக்கலை_1489:
சென்னை பக்கத்துச் சோழவரம் பழைய விமான ஓடுதளம். நீளமான நேர்கோட்டுல முழு த்ராட்டில். 1990ல இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்த பிறகும் ரேஸ்னா அதே கதைதான்: முதல்லயே சூடாக்கி வைப்பாங்க, ஓட்டம் முடிஞ்சதும் ஆயிலை மாத்துவாங்க. தக்கலை சந்தைக்குப் போய் மீன் வாங்கிட்டு வர்ற வண்டி அப்படியா ஓடுது?

ரேஸுக்குக் கழட்டுறவனும் வெறுமனே விடமாட்டான். அந்த இடத்துல பிளாங்கிங் ஸ்லீவ்னு ஒரு வளையம் போட்டு பைபாஸ் ஓட்டையை அடைப்பான். அடைக்காட்டி தண்ணியில ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாம குறுக்குவழியில பம்புக்குத் திரும்பிரும். குளுமைக்காகக் கழட்டினது ஏத்தத்துல சூட்டைக் கூட்டும். ஆசான் இந்த ஸ்லீவைப் பத்தி மூச்சே விடல.

குளச்சல்_பத்மினி:
இதனாலதான் பிரீமியர் பத்மினி கார் வாங்கணும்கிறது. 1089 சிசி, கைக்கு அடக்கம். அம்பாசடர் கட்டில் மாதிரி ஆடிக்கிட்டுக் கிடக்கும்.

ஆரல்_ஆசான்:
சூட்டுல பெட்ரோல் ஆவியாகி நின்னுரும்னு எஞ்சின் பெட்ரோல் பம்பு மேல ஈரத்துணி சுத்தி ஓட்டுற கூட்டம் பேச வந்துட்டுது.

குளச்சல்_பத்மினி:
ஈரத்துணி, பம்புக்கும் பிளாக்குக்கும் நடுவுல உள்ள சூடு தடுக்கும் தடிச்ச பேக்கிங்கைத் தூக்கிட்டு காகித பேக்கிங் போட்டவனுக்கு. இல்லேன்னா டேங்க் பக்கத்துல எலெக்ட்ரிக் பம்ப் போடணும், 2லேருந்து 3 பி.எஸ்.ஐ போதும். ஊசி வழி பெட்ரோல் பீச்சுற வண்டியோட பம்பைப் போட்டா கார்புரேட்டர் நீடில் அழுத்தம் தாங்காது, மிதவை அறை வழிஞ்சு எக்சாஸ்ட் மேல கொட்டும். பிறகு தீயணைப்பு வண்டிதான். ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியா கனெக்‌ஷன் கொடுத்தா எஞ்சின் நின்னதும் பம்பும் நிக்கும்.

தக்கலை_1489:
பத்மினிக்குத் தனியா விவாதத் திரி போடும். இங்க பேச்சு 82.

ஆரல்_ஆசான்:
74ன்னு சொன்னது நீருதான்.

தக்கலை_1489:
எத்தனை தடவை சொல்லணும்? நம்ம மாவட்டத்துல அம்பாசடர் சூடாகுறதுக்குப் பாதிக் காரணம் போர்வெல் தண்ணி. கடலோரத்து உப்புத் தண்ணியை ஊத்தி ஊத்தி ரேடியேட்டர் குழாயெல்லாம் சுண்ணாம்பு கட்டியிருக்கும். பிளாக்குல பின்பக்கத்து டிரெய்ன் டேப்பைத் திறந்தா பல வண்டியில சொட்டுத் தண்ணி வராது. நாலாவது சிலிண்டரைச் சுத்திச் சேறு. கம்பி விட்டுக் குத்தி, ஹோஸ் பைப்பை எதிர்த்திசையில வச்சுக் கழுவி, பிறகு டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிப்பாதி. ஃபேன் பெல்ட்டை நடுவுல அமுக்கினா அரை இஞ்ச் உள்ள போகணும், அதுக்கு மேல லூசா இருந்தா ஏத்தத்துல வழுக்கும். பிளக் தீப்பொறி விடுற டைமிங் பின்னால போயிருந்தாலும் சூடாகும். இத்தனையும் பாக்காம ஒரு வால்வு மேல பழி.

ஆரல்_ஆசான்:
வால்வு மூடின நிலையில சிக்கிக்கிட்டா? நடுரோட்டுல அடுப்பு. இல்லாத வால்வு சிக்காது.

தக்கலை_1489:
போடுறதுக்கு முன்னாடி பாத்திரத்துல தண்ணி வச்சு, நூல்ல கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோட சூடாக்கிப் பாரும். 82 கிட்ட திறக்க ஆரம்பிக்கணும். திறக்காட்டி அதை மட்டும் எறியும். ஸ்பிரிங் பக்கம் எஞ்சினுக்குள்ள பாக்கணும். தலைகீழாப் போட்டுட்டு "சிக்கிச்சு"ன்னு சொல்ற ஆசான்மாரும் இருக்காங்க. விளிம்புல 3 மில்லிமீட்டர் ஓட்டை போட்டா காத்தடைப்பு வராது.

குளச்சல்_பத்மினி:
டிஸ்டில்டு வாட்டர் என்ன விலைன்னு தெரியுமா? ஆர்.ஓ. தண்ணி போதும்.

ஆரல்_ஆசான்:
மழைத்தண்ணி போதும். பேச்சிப்பாறைக்காரனுக்கு மேல இருந்து ஓசியில விழுது.

நடுவில்_ஒருத்தன்:
மூடியை யாராவது பாத்தீங்களா?

தக்கலை_1489:
மூடிக்குப் பிறகு வாரேன். ஆசானே, கழட்டத்தான் போறீர்னா தெர்மோஸ்டாட் ஹவுசிங்குல உள்ள மூணு ஸ்டட்டுக்கும் (மரைக் கம்பி) முந்தின ராத்திரியே துரு இளக்குற ஆயில் விடும். உப்புக்காத்துல பிடிச்சுப்போய் இருக்கும், பலமாத் திருகினா ஹெட்டோட முறியும். முறிஞ்ச ஸ்டட்டுக்கு லேத்துக்காரன்கிட்ட கொடுக்கிற காசுல 82 வால்வு வாங்கிரலாம்.

ஆரல்_ஆசான்:
74ஆ 82ஆ? முடிவு பண்ணிட்டுச் சொல்லும், கடைக்காரன்கிட்ட எதைக் கேக்கணும்னு.