ஃபெராரி எஃப்40: எஃகுச் சட்டம் இருந்தும் எடை குறைந்தது எப்படி?

கும்பகோணத்தான்:
1987-இல் ஃபெராரியின் நாற்பதாம் ஆண்டையொட்டி வெளிவந்த எஃப்40 காரின் எடை, எரிபொருள் முதலிய திரவங்கள் நீங்கலாக, ஏறத்தாழ 1,100 கிலோதான் என்று படித்தேன். அடிச்சட்டம் எஃகுக் குழாய்களால் ஆனது என்கிறார்கள். அப்படியிருக்க இது எப்படிச் சாத்தியமாயிற்று?

நாகை ஃபைபர் பட்டறை:
சட்டம் எஃகுதான் ஐயா. ஆனால் அதன்மேல் கார்பன் இழை, கெவ்லார் எனும் வலுவான செயற்கை இழை ஆகியவை கலந்த பலகைகளைப் பசையிட்டுப் பிணைத்ததால், குழாய்களைப் பருமனாக்காமலேயே முறுக்கு விசையைத் தாங்கும் விறைப்பு கிடைத்தது. நாங்கள் இங்கே கண்ணாடி இழைப் பாயை ரெசினில் (இறுகிக் கெட்டியாகும் பிசின்) நனைத்து, உருளையால் காற்றுக் குமிழிகளை விரட்டித்தான் படகு கட்டுகிறோம். ரெசின் மிகுந்தால் எடை கூடுமே தவிர வலிமை கூடாது. எஃப்40-இல் வண்ணப்பூச்சையும் மெல்லியதாகவே அடித்திருப்பதால், உற்றுப் பார்த்தால் உள்ளிருக்கும் நெசவு தெரியும். எங்கள் வாடிக்கையாளர் எவரும் அதை ஏற்க மாட்டார்!

மன்னை மெக்கானிக்:
உட்புறத்தையும் கவனியுங்கள். தரைவிரிப்போ வானொலியோ கிடையாது. கதவை உள்ளிருந்து திறக்க ஒரு கம்பி வடம் மட்டுமே. இரட்டை டர்போ (கூடுதல் காற்றை அழுத்திச் செலுத்தும் கருவி) பொருத்திய 2,936 சி.சி. வி8 எஞ்சின் 478 குதிரைத்திறன் தருகிறது. அதன் கடும் வெப்பம் வெளியேறவே, இத்தாலிய வடிவமைப்பு நிறுவனமான பினின்ஃபரினா வடிவமைத்த பின்மூடியின் பிளாஸ்டிக் கண்ணாடியில் வரிவரியாகத் திறப்புகள் வைத்திருக்கிறார்கள்.