ஷேர் பர்மிஷனும் செக்யூரிட்டி பர்மிஷனும்: தமிழில் எப்படிப் பிரிப்பது?

சத்துவாச்சாரியிலிருந்து:

வணக்கம். விண்டோஸில் ஒரு ஃபோல்டரைப் பிற கணினிகளுக்குப் பகிரும்போது ஷேரிங் பகுதியில் கொடுப்பது ஷேர் பர்மிஷன், செக்யூரிட்டி பகுதியில் கொடுப்பது செக்யூரிட்டி பர்மிஷன். அலுவலகக் கையேட்டின் தமிழ் வரைவில் இரண்டையும் 'அனுமதி' என்றே எழுதியிருக்கிறது. படிப்பவர் ஷேரிங் பகுதியில் எவ்ரிஒன் (எல்லோருக்கும்), ஃபுல் கன்ட்ரோல் (முழு உரிமை) கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவார். அடுத்த மேசையில் கோப்பு திறக்கும், சேமிக்க விடாது. செக்யூரிட்டி பகுதியில் ரீட் (படிக்க) மட்டும் இருப்பதுதான் காரணம். வலையமைப்பு வழியாக வரும்போது விண்டோஸ் இரண்டையும் பார்க்கும். எது குறைவோ அதுதான் செல்லும்.

ஷேரை 'வாயில் அனுமதி', செக்யூரிட்டியை 'அறை அனுமதி' என்று பிரிக்கலாமா? நம் வேலூர்க் கோட்டைக்குள் யாரும் போகலாம். உள்ளே இருக்கும் அருங்காட்சியகத்துக்கு நேரம் காலம் உண்டல்லவா, அதுபோல.

ராணிப்பேட்டையிலிருந்து:

ஐயா, கோட்டை நன்றாக இருக்கிறது, சொல் இடிக்கிறது. கேட்வேயை (வலையமைப்பிலிருந்து வெளியே போகும் வழி) ஏற்கெனவே 'நுழைவாயில்' என்கிறோம். ஐபி அமைப்பைச் சொல்லும் பக்கத்திலேயே அது வரும். பயிற்சிக்கு வருபவர் இரண்டையும் குழப்பிக்கொள்வார்.

தவிர, ஷேர் பர்மிஷன் வெளியிலிருந்து வருபவருக்கு மட்டும்தான். அதே கணினியில் உட்கார்ந்து திறப்பவரை அது தொடவே தொடாது. ஆகவே 'வலைவழி அனுமதி'. மற்றது வட்டில் கோப்போடு எழுதப்படுவது, 'வட்டு அனுமதி' எனலாம். எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவைப் பகிர்ந்தால் செக்யூரிட்டி பகுதியே இராது, கவனித்திருப்பீர்கள்.

தோல் ஏற்றுமதி அலுவலகங்களில் அடிக்கடி வரும் புகார் ஒன்று: ஃபோல்டர் திறக்கிறது, ஒரே ஒரு இன்வாய்ஸ் மட்டும் மறுக்கிறது. டெஸ்க்டாப்பிலிருந்து அதை கட் செய்து ஒட்டியிருப்பார்கள். ஒரே டிரைவுக்குள் நகர்த்தினால் கோப்பு தன் பழைய அனுமதியையே வைத்துக்கொள்ளும்; காப்பி செய்தால் புது ஃபோல்டரின் அனுமதியை வாங்கிக்கொள்ளும். செக்யூரிட்டி, அட்வான்ஸ்ட் போய், மேல் ஃபோல்டரின் அனுமதியை உள்ளிருப்பவை அனைத்துக்கும் மாற்றி எழுதும் பெட்டியை டிக் செய்தால் சரியாகிவிடும். தனியாகப் பூட்டி வைத்த சம்பளக் கோப்பு ஏதும் அதற்குள் இருந்தால் அதுவும் திறந்துவிடும், பார்த்துச் செய்யுங்கள்.

குடியாத்தத்திலிருந்து:

'வலைவழி அனுமதி' எனக்குச் சம்மதம். 'வட்டு' வேண்டாம், எஸ்எஸ்டியில் எந்த வட்டு சுற்றுகிறது? நீங்கள் சொன்ன இன்வாய்ஸ் கதையே 'கோப்பு அனுமதி' என்ற சொல்லைக் கையில் கொடுக்கிறது, கோப்போடு கூடவே போகிறதே.

இன்னொன்று. 80070035 என்று முடியும் பிழையையும் வரைவு 'அனுமதிச் சிக்கல்' என்கிறது. அது அனுமதியே இல்லை, 'பாதை கிடைக்கவில்லை'. நெட்வொர்க் ப்ரொஃபைல் பப்ளிக்கில் (பொது இட அமைப்பில்) கிடக்கிறதா, ஃபயர்வாலில் கோப்புப் பகிர்வுக்கான 445 போர்ட் திறந்திருக்கிறதா, அந்தக் கணினி ஸ்லீப்பில் போய்விட்டதா என்று பாருங்கள். கணினிப் பெயருக்குப் பதில் ஐபி எண்ணைக் கொடுத்தால் திறக்கிறது என்றால் கோளாறு பெயரில்தான். அனுமதி மறுப்பு 80070005 என்று முடியும்.

அனுமதி மறுப்பு, பாதை கிடைக்காதது இரண்டும் போக மூன்றாவது வகைச் சிக்கல், ஆளையே உள்ளே விடாதது. கடவுச்சொல் இல்லாத கணக்கை விண்டோஸ் இயல்பாகவே வலைவழி ஏற்காது. விண்டோஸ் 11 ப்ரோ 24எச்2 பதிப்பில் கெஸ்டாக (கடவுச்சொல் இல்லாமல் விருந்தினராக) நுழைவதும் இயல்பாக நின்றுவிட்டது; பழைய நாஸ் பெட்டிகள் (வலையமைப்பில் இணைத்த சேமிப்புப் பெட்டிகள்) அங்கேதான் மாட்டுகின்றன. இதற்கு 'அடையாள மறுப்பு' என்று தனியாக வையுங்கள். எவ்ரிஒன் கொடுத்தும் ஏன் வரவில்லை என்ற கேள்விக்குப் பாதி நேரம் பதில் இதுதான்.