புதுப்பிப்பு: வாசல் கதவுக்குச் சாவியில்லாப் பூட்டு, வாங்கி மாட்டியாச்சு

முன்பு கேட்டிருந்தது இதுதான்: சென்னையில் தரைத்தள வீடு, தேக்குக் கதவு, கூடவே வயதான அம்மா. கைரேகைப் பூட்டா, எண் பூட்டா? யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கடைசியில் இரண்டும் சேர்ந்த மாடலையே வாங்கினேன். அம்மாவின் விரல் ரேகை தேய்ந்துபோனதால் சென்சார் பாதி நேரம் கண்டுகொள்வதில்லை. ஈரக்கையோடு வந்தால் எனக்கும் அதே கதிதான். அதனால் அம்மா எண்ணைத்தான் அழுத்துகிறார். சரியான எண்ணுக்கு முன்னும் பின்னும் வேறு எண்களைச் சேர்த்து அழுத்தினாலும் திறக்கும்; பக்கத்தில் யாராவது நின்று பார்த்தாலும் பிடிபடாது.

"கரண்ட் போனால் என்ன செய்வீர்கள்?" என்று பலர் கேட்டீர்கள். பூட்டு ஓடுவது 4 ஏஏ பேட்டரியில்; மின்வெட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பேட்டரி தீர்ந்தால் வெளிப்பக்கம் அடியில் இருக்கும் யூஎஸ்பி துளையில் பவர் பேங்கைச் செருகித் திறக்கலாம். சாதாரணச் சாவியும் உண்டு. அதை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டினால் என்ன பயன்? ஒன்றைத் தம்பி வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறேன். வைஃபை வேண்டாம் என்று விட்டுவிட்டேன், அது பேட்டரியைக் குடிக்கும்.

அப்புறம், மரக்கதவு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. மழைக்காலத்தில் கதவு உப்பினால் பூட்டின் நாக்கு நிலையில் உரசும், மோட்டார் திணறும். ஆசாரியிடம் சொல்லி நிலையில் உள்ள துளையைக் கொஞ்சம் அகலப்படுத்திக்கொண்டேன்.