பாட்டு வீடியோவில் உங்களுக்கு இன்னும் உறுத்துற ஒரு ஷாட்: அனுபவப் பகிர்வு

கத்திரி:
தனி ஆல்பம் பாட்டு, எடிட்ல உக்காந்திருக்கேன். டைரக்டர் சொன்னது ஒண்ணுதான், பீட் விழுற இடத்துலெல்லாம் இடுப்புக்குப் போ. சம்பளப் பாக்கி வாங்க ஆபீசுக்கு வந்த டான்ஸர் பொண்ணு, பின்னாடி நின்னு முழுசாப் பாத்துச்சு. "அண்ணா, ரெண்டாவது சரணத்துல நான் வர்றேனா?"ன்னு கேட்டுச்சு. அந்தச் சரணம் பூரா அவதாங்க. முகம் இருந்த டேக் எல்லாம் கிளிப் போட்டு வைக்கிற ஃபோல்டர்லயே கிடந்துச்சு, எடிட் பண்ணின டைம்லைன்ல ஒண்ணுகூட இல்ல. "வர்றம்மா"ன்னேன், வேற என்ன சொல்ல.

கடைசிபெஞ்ச்:
விஸ்காம் கிளாஸ். பாடகர் ராபர்ட் பாமரோட 'அடிக்டட் டு லவ்' (1986) பாட்டு வீடியோ, மேடம் மியூட்ல போட்டாங்க. அதே கறுப்பு டிரஸ், அதே சிவப்பு உதடு, இழுத்து வாரின முடின்னு அஞ்சு பொண்ணுங்க. சத்தத்தோட பாத்தா பேண்டு. மியூட்ல பாத்தா ஜவுளிக்கடை பொம்மை. அடுத்து பாடகி ஷானியா ட்வைன் 1999ல அதையே திருப்பிப் போட்ட வீடியோ, பின்னாடி வரிசையா ஒரே மாதிரி ஆம்பளைங்க. கிளாஸே சிரிச்சுது. முதல் வீடியோவுக்கு ஒருத்தரும் சிரிக்கல, நானும்தான்.

ரீல்பெட்டி:
மியூட் வித்தையெல்லாம் சரி. ஆனா உங்க மேடம் மனசுல வச்சிருந்தது, சினிமாவைப் பெண்ணியப் பார்வையில ஆராய்ஞ்ச லாரா மல்வியைன்னா, அவங்க 1975ல 'ஸ்க்ரீன்' இதழ்ல எழுதினது ஹாலிவுட் படத்தைப் பத்தி. பொண்ணு வந்ததும் கதை நின்னுடும், ஹீரோ கண்ணு வழியா நாமளும் பாப்போம்னு வாதம். பாட்டு வீடியோல நிக்கிறதுக்குக் கதை எங்க இருக்கு? பாட்டு வீடியோ சேனல் எம்டிவி பத்தி 1987லயே புத்தகம் போட்ட ஆன் கேப்லன், அங்க பார்வை அப்படி ஒரே ஆம்பளைக் கண்ணுல நிக்கலன்னுதான் சொன்னாங்க. கத்திரி, "பொம்பள டைரக்டரா இருந்தா இப்படி ஆகாது"ன்னு யாராவது வந்து சொல்லுவாங்க பாருங்க. பொண்ணுங்களைக் காட்டின விதத்துக்குத் திட்டு வாங்கின 'ப்ளர்ட் லைன்ஸ்' பாட்டு வீடியோவை 2013ல எடுத்தது டயேன் மார்ட்டெல், பொம்பளதான். என் அனுபவம்? அந்த வீடியோவை அக்கா பொண்ணு பக்கத்துல இருக்கும்போது போட்டுட்டு ரிமோட்டைத் தேடினது. அவ்ளோதான்.

சவுண்ட்_மணி:
எனக்கும் ஒரு தடவை ஆச்சு, அதை விடுங்க. கத்திரி தம்பி, இனிமே ஷூட்டுக்கு முன்னாடியே ஷாட் லிஸ்ட்டைக் கேட்டு வாங்குங்க. ஒவ்வொரு சரணத்துக்கும் முகத்தோட ஒரு மிட் ஷாட் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா அப்பவே சொல்லிடுங்க. ரெண்டு கட் பண்ணுங்க, டைரக்டர் கேட்டது ஒண்ணு, உங்களோடது ஒண்ணு. உங்களோடதை முதல்ல போட்டுக் காட்டுங்க. புரொட்யூசர் கூட இருக்கும்போது காட்டினா இன்னும் நல்லது. பேமென்ட் வாங்காம ஃபைனல் ஃபைலைக் குடுக்காதீங்க. ஹார்டு டிஸ்க் உங்க கையில இருக்கட்டும்.

கடைசிபெஞ்ச்:
மணி அண்ணே, அவர் ஹார்டு டிஸ்க்கைப் பத்திக் கேக்கவே இல்லையே.
ரீல்பெட்டி, கதை இல்லன்னு சொல்லிட்டுப் போயிட்டா நம்ம ஊர் பாட்டை எதுல சேப்பீங்க? படத்துக்குள்ள வந்தா மல்வி சொன்ன மாதிரியே கதையை நிறுத்துது. அதே பாட்டு யூடியூப்ல தனியா ஓடும்போது நிறுத்தக் கதையே இல்ல, பார்வை மட்டும் அப்படியே இருக்கு. கேப்லனை வச்சு இதுக்கு ஒரு பதில் சொல்லுங்க, பாப்போம்.