ஹேண்ட்மேட் பேப்பரில் எம்ப்ராய்டரி போட்டால் பூவின் இதழ் கிழிந்து வருகிறது, என்ன செய்யலாம்?

ஊசிமுனை:
வணக்கம். வாழ்த்து அட்டைக்காக ஹேண்ட்மேட் பேப்பர்ல எம்ப்ராய்டரி நூல் வச்சு பூ போட்டுட்டு இருக்கேன். காம்பு, இலை ஓரமெல்லாம் ஒழுங்கா வருது. இதழை சாட்டின் தையல்ல (இடைவெளி தெரியாம பக்கத்துல பக்கத்துல நூலை நீட்டி நிரப்புற தையல்) நிரப்ப ஆரம்பிச்சாதான் வம்பு. ஓட்டையோட ஓட்டை சேர்ந்து இதழே பெயர்ந்து கையோட வந்துடுது. நூலை ஆறு இழையோட அப்படியே கோத்துதான் தைக்கிறேன். பின்னாடி போடுற முடிச்சும் முன்பக்கம் புடைச்சுத் தெரியுது. பேப்பரை மாத்தணுமா, தையலை மாத்தணுமா?

நூல்கண்டு:
பேப்பர் இருக்கட்டும், தையலை மாத்துங்க. துணியில ஊசி போனா நெசவு விலகி வழிவிட்டுட்டு மறுபடி சேர்ந்துக்கும். பேப்பர்ல ஓட்டை விழுந்தா விழுந்ததுதான். சாட்டின் தையல்ல ஓட்டை எல்லாம் நெருக்கமா ஒரே கோட்டுல விழுதே, தபால்தலை ஓரம் பிரியுற மாதிரி பிரியாம என்ன செய்யும்?

ஓட்டைக்கு ஓட்டை 3 மி.மீ. ஆவது விடுங்க. மெத்துனு இருக்கிற பேப்பர்னா 4, 5 கூட விடலாம். ஆறு இழையைப் பிரிச்சு ரெண்டோ மூணோ போதும். இதழ் நிரம்பியே ஆகணும்னா தையலை ஒண்ணு நீளம், ஒண்ணு குட்டைனு மாத்தி மாத்தி போடுங்க, ஓட்டை ஒரே வரிசையில நிக்காது. என்னைக் கேட்டா, இதழுக்குள்ள கலர் பென்சிலால லேசா நிறம் கொடுத்துட்டு ஓரத்துக்கு மட்டும் பேக் ஸ்டிட்ச் (ஒவ்வொரு தையலையும் முந்தின தையல் வரைக்கும் பின்னாடி கொண்டுபோய், விடாத கோடா வர்ற தையல்) போடுவேன். பேப்பர்ல அதுதான் எடுப்பா இருக்கும்.

தைக்கிறப்பவே ஊசியால குத்திக்கிட்டுப் போகாதீங்க. டிசைனை ட்ரேஸ் எடுத்து அட்டை மேல வச்சு, அடியில பழைய மவுஸ் பேட் போட்டு, எல்லா ஓட்டையையும் முதல்லயே குத்திடுங்க. முன்பக்கத்துல இருந்து நேரா குத்தணும். அப்பதான் பிசிறு பின்பக்கம் போகும், விரலால தடவினாலே தெரியும். குத்துற ஊசியும் தைக்கிற ஊசியும் ஒரே பருமனா இருக்கட்டும்.

காகிதக்கப்பல்:
முடிச்சே வேண்டாம். நுனியை 2 செ.மீ. விட்டு பின்பக்கம் டேப் போட்டு ஒட்டிடுங்க. முடிக்கிறப்ப பின்னாடி இருக்கிற தையலுக்குள்ள ரெண்டு தடவை நுழைச்சு எடுத்தா போதும். பேப்பர் ரொம்ப மெலிசுனா பின்னாடி இன்னொரு தாளை வெள்ளைப் பசையால ஒட்டிட்டுத் தைங்க.

நூல்கண்டு:
பசை விஷயத்துல மட்டும் ஒத்துக்க மாட்டேன். ஹேண்ட்மேட் பேப்பர் பெரும்பாலும் ஈரத்தை நல்லா உறிஞ்சும். ஒரு பக்கம் மட்டும் நனைஞ்சா அட்டை சுருண்டுக்கும். டபுள் சைடு டேப் போதும், அதுவும் தையல் வர்ற இடத்தை விட்டு ஓரத்துல. டேப் மேல தைச்சா ஊசியில பிசுபிசுனு ஒட்டும்.

ஊசிமுனை:
ரெண்டு பேருக்கும் நன்றி! மூணு இழையில தைச்சுப் பார்த்தேன், ஓரம் அழகா நிக்குது. இப்ப பூ நடுவுல போடுற பிரெஞ்ச் நாட்தான் (ஊசியில நூலைச் சுத்தி முன்பக்கம் போடுற குட்டி முடிச்சு) படுத்துது. இழுத்தா முடிச்சு ஓட்டை வழியா பின்னாடி போயிடுது.

காகிதக்கப்பல்:
ஏறின ஓட்டையிலேயே இறக்குறீங்களா? பக்கத்துல 2 மி.மீ. தள்ளி இன்னொரு ஓட்டை போட்டு அதுல இறக்குங்க. நூலைச் சாய்ச்சு இழுக்காதீங்க, ஓட்டை நீண்டுடும். அட்டைக்கு நேர் செங்குத்தா, மெதுவா இழுக்கணும். அப்பவும் நிக்கலைனா அந்த இடத்துல ஒரு சின்ன மணி கோத்துடுங்க.

ஊசிமுனை:
சரிங்க. ஏற்கெனவே கிழிஞ்ச அட்டையைத் தூக்கிப் போட மனசு வரல. வழி இருக்கா?

நூல்கண்டு:
இருக்கு. அதே பேப்பர்ல ஒரு துண்டை கத்தரிக்காம கையால கிழிங்க. கிழிச்ச ஓரத்துல நார் நீட்டிக்கிட்டு இருக்கும், அதனால ஒட்டின விளிம்பு முன்பக்கம் தெரியாது. பசையை மெலிசா தடவி பின்பக்கமா ஒட்டி, கனமான புத்தகத்துக்கு அடியில வச்சு நல்லா காயவிடுங்க. ஈரத்தோட குத்தினா மறுபடி பிய்யும். காஞ்சதும் ஓட்டையை இன்னும் கொஞ்சம் தள்ளித் தள்ளி போடுங்க.

(நான்தான் பசை வேண்டாம்னு சொன்னேன், தெரியும். துளியூண்டு இடத்துக்குப் பரவாயில்ல.)