12,000 ரூபாய்க்குள் ஏர் ரைஃபிள்: கொல்லையில் பேப்பர் டார்கெட் சுட எது சரிவரும்?

தோப்புக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். பொள்ளாச்சிப் பக்கம் கிராமம். வீட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்பு. நேர்கோடாகப் பார்த்தால் 15 மீட்டர் வரை இடம் இருக்கிறது. சாயங்காலம் வேலை முடிந்து வந்து பேப்பர் ஒட்டிச் சுட்டுப் பழக வேண்டும், அவ்வளவுதான் ஆசை. போட்டிக்குப் போகும் எண்ணமெல்லாம் இப்போதைக்கு இல்லை. மெரினாவில் பலூன் சுட்டதைத் தவிர அனுபவமும் கிடையாது.

பெல்லட் (ஏர் ரைஃபிளில் போடும் சின்னக் குண்டு), இதரச் செலவு எல்லாம் சேர்த்து 12,000 வரை போடலாம். கோவையில் ஒரு கடையில் விசாரித்தேன். ‘நொடிக்கு 1,000 அடி வேகம், ஸ்கோப் இலவசம்’ என்று ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு, ‘இதை எடுத்தால் வேறு எதுவும் தேவைப்படாது’ என்றார்கள். அதே விலையில் ஸ்கோப் இல்லாமல், வேகம் குறைந்த இந்தியத் தயாரிப்பு ஒன்றும் இருந்தது. இதற்கிடையில் சித்தப்பாவின் நண்பர் தன்னிடம் இருக்கும் பழைய ஐஎச்பி 35 ஏர் ரைஃபிளை 4,000-க்குத் தருகிறேன் என்கிறார். சுடுகிறது, ஆனால் தகர டப்பாவில் பட்டால் சொட்டை விழுகிறதே தவிர ஓட்டை விழவில்லை.

எதை எடுப்பது? அப்புறம் லைசென்ஸ் வேண்டுமா, வேண்டாமா? வீட்டில் முதல் கேள்வியே அதுதான்.

பத்துமீட்டர்

லைசென்ஸ் கேள்வியிலிருந்தே தொடங்கலாம். ரைஃபிள் தேர்வும் அதிலேயே பாதி முடிந்துவிடும்.

ஆயுத விதிகள் 2016-இன்படி .177, அதாவது 4.5 மி.மீ. குழல், 20 ஜூலுக்கு மேற்படாத சக்தி என்றால் லைசென்ஸ் வேண்டியதில்லை. .22 என்று எது காட்டினாலும் தொடாதீர்கள். 18 வயதுக்கு மேற்பட்டவர் என்பதற்கான அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் கடையில் கேட்பார்கள், கொடுத்து பில் வாங்கிக்கொள்ளுங்கள். பில்லின் நகலை ரைஃபிள் பையிலேயே போட்டு வைப்பது நல்லது.

இப்போது அந்த 1,000 அடிக்கு வருவோம். நொடிக்கு 1,000 அடி என்றால் 305 மீட்டர். சாதாரண ஈய பெல்லட் 0.53 கிராம் வாக்கில் இருக்கும். எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் 24 ஜூலுக்கு மேல் வருகிறது. அது உண்மையாக இருந்தால் லைசென்ஸ் இல்லாமல் விற்கவே கூடாது. அதனால் 0.35 கிராம் மாதிரி எடை குறைந்த அலாய் பெல்லட்டைப் போட்டு அளந்த வேகமாகத்தான் இருக்கும். அட்டைப்பெட்டியில் அச்சடிக்க அது உதவும், 10 மீட்டரில் உங்களுக்கு உதவாது. 10 மீட்டர் போட்டி ரைஃபிள்களே நொடிக்கு 170 மீட்டர் வாக்கில்தான் சுடுகின்றன, சுமார் 7.5 ஜூல். அபினவ் பிந்த்ரா 2008-இல் பெய்ஜிங்கில் தங்கம் வாங்கியதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஒலிம்பிக் வரை போனதும் இந்த வகை ‘மெதுவான’ ரைஃபிளில்தான்.

குழலை மடக்கி, உள்ளே ஸ்பிரிங்கை அழுத்தி வைத்துச் சுடுவது ஸ்பிரிங் ரைஃபிள். அதில் சக்தி கூடக்கூட ஸ்பிரிங் கனமாகும். மடக்கக் கை வலிக்கும், சத்தம் கூடும், உதைப்பும் கூடும். சாயங்காலம் 50 குண்டு சுட நினைப்பவருக்கு 10 முதல் 12 ஜூல் தாராளம். கடையில் வேகத்தை விசாரிக்காமல் டிரிகரை விசாரியுங்கள். இழுக்கும்போது ஓர் இடத்தில் நின்று, பிறகு சுத்தமாக விடுபட வேண்டும். இழுக்க இழுக்க ரப்பர் மாதிரி வந்துகொண்டே இருந்தால் அடுத்ததைப் பாருங்கள்.

மகாராஷ்டிரத்தின் பிரிசிஹோல் நிறுவனம் என்எக்ஸ் வரிசையில் குழலை மடக்கும் ஸ்பிரிங் ரைஃபிள்கள் செய்கிறது. எஸ்டிபி என்ற நிறுவனத்திலும் விலை குறைந்தவை உண்டு. உதிரி பாகத்துக்கு அலைய வேண்டாம் என்பதற்காகவே நான் உள்ளூர்த் தயாரிப்பைச் சொல்வேன். ஸ்கோப் இல்லை என்பது குறையே இல்லை.

சும்மா ஒரு ஆள்

எதுக்கு இவ்வளவு யோசனை? பிசிபி எடுத்துடுங்க, அதான் முன்னாடியே அடைச்சு வச்ச காத்துல சுடுறது, உதைப்பே இருக்காது.

பத்துமீட்டர்

@சும்மா ஒரு ஆள்: உதைப்பு இருக்காதுதான். ஆனால் அதில் காற்றை அடைக்கக் கைப்பம்போ சிலிண்டரோ வேண்டும். சைக்கிள் பம்பு வேலைக்கு ஆகாது, 200 பார் அழுத்தம் தாங்கும் தனிப் பம்பு. பம்பு வாங்கியதும் இவர் பட்ஜெட் காலி, ரைஃபிளுக்கு யார் பணம் கொடுப்பது?

கொங்கு மெக்கானிக்

அந்த ஐஎச்பி 35-ஐப் பற்றி யாரும் பேசவில்லையே. ஜெர்மனியின் டயானா 35-ஐ ஒட்டி இந்தியாவில் செய்தது அது. இரும்பும் மரமும் நன்றாக இருக்கும். தகரத்தில் ஓட்டை விழவில்லை என்றால் பெரும்பாலும் ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டனில் இருக்கும் தோல் வாஷர் காய்ந்து போயிருக்கும், இல்லையென்றால் குழல் மடங்கும் இடத்து சீல் போயிருக்கும்.

வாங்குவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்து பாருங்கள். டிஷ்யூ பேப்பரை மெல்லிய பட்டையாகக் கிழித்து, குழல் மூடும் இணைப்பின் மேல் வைத்துவிட்டு, பெல்லட் போட்டு மணல் மூட்டையில் சுடுங்கள். பேப்பர் துள்ளிப் பறந்தால் காற்று அந்த வழியாகத்தான் போகிறது. சின்ன ரப்பர் வளையம், அவ்வளவுதான் செலவு. பேப்பர் அசையவில்லை, அப்போதும் பலம் இல்லை என்றால் வாஷர் அல்லது ஸ்பிரிங். தோல் வாஷர் என்றால், காற்று வரும் துளை வழியாக இரண்டு மூன்று சொட்டு எண்ணெய் விட்டு, ரைஃபிளைச் செங்குத்தாக ஒரு ராத்திரி நிறுத்தி வைத்தால் பாதி உயிர் வந்துவிடும். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், பிசுபிசுத்துப் போகும்.

ஆனால் ஒன்று. பழைய ரைஃபிளில் டிரிகர் கொக்கி தேய்ந்திருக்கலாம். மடக்கிய நிலையில் அது வழுக்கினால் குழல் படாரென்று மூடும், பெல்லட் வைக்கும் விரல் போய்விடும். அதனால் புதிதோ பழசோ, பெல்லட் வைத்து மூடும் வரை ஒரு கை குழலை இறுகப் பிடித்தபடியே இருக்க வேண்டும். முதல் ரைஃபிள் என்பதால் நீங்கள் புதிதாகவே எடுங்கள். பழசைச் சித்தப்பாவை வாங்கச் சொல்லுங்கள், நான் வந்து கழற்றிப் பார்க்கிறேன் :)

நிழல்

ரைஃபிளை விடுங்கள், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது? தோப்புக்கு அந்தப் பக்கம் யார் வீடு? பாதை ஏதும் போகிறதா? .177 பெல்லட் குறி தவறினால் சில நூறு மீட்டர் போய்த்தான் விழும். தென்னை மரத்திலோ ஹாலோ பிளாக் சுவரிலோ பேப்பர் ஒட்டிச் சுட வேண்டாம். மரத்துக்கும் காயம், பெல்லட்டும் திரும்பி வரும்.

மரப்பெட்டி ஒன்று அடித்து, பின்பக்கம் 3 மி.மீ. இரும்புத் தகட்டைக் கீழ்நோக்கிச் சாய்த்து வைத்து, முன்னால் பழைய துணியை இறுக அடைத்துவிடுங்கள். பெட்டிக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு மணல் மூட்டை. இந்தச் செலவையும் 12,000-க்குள் சேருங்கள். கண்ணாடி போடாமல் சுடாதீர்கள், பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பவருக்கும் ஒன்று கொடுங்கள்.

இன்னொன்று. தோப்பு என்றால் கிளி, மைனா, மயில் எல்லாம் வரும். ‘ஒன்றே ஒன்று’ என்று யாராவது ஆசை காட்டுவார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி அது வழக்கு. ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பதால் எதையும் சுடலாம் என்று அர்த்தமில்லை.

தோப்புக்காரன்

எல்லோருக்கும் நன்றி. தோப்புக்குப் பின்னால் வாய்க்கால் மேடு, அதற்கு அப்பால் எங்கள் காடுதான். ஆனாலும் நிழல் சொன்னபடி பெட்டியும் மூட்டையும் வைத்துவிட்டேன். இந்தியத் தயாரிப்பு ஸ்பிரிங் ரைஃபிளே எடுத்தேன். பத்துமீட்டர் அண்ணா சொன்ன மாதிரி கடையில் மூன்று ரைஃபிளின் டிரிகரை இழுத்துப் பார்த்தேன், கடைக்காரர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

இப்போது புதுப் பிரச்சினை. ஆரம்பத்தில் குழலிலிருந்து லேசாகப் புகை வந்தது, எண்ணெய் கருகிய வாடை. சத்தமும் அதிகம். அது தானாகக் குறைந்துவிட்டது. ஆனால் 10 மீட்டரில் ஐந்து குண்டு சுட்டால் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறுகிறது. மேசை மேல் மணல் பை வைத்து, அதில் ரைஃபிளை அழுத்திப் பிடித்துத்தான் சுடுகிறேன். முதல் வாரம் இவ்வளவு மோசமாக இல்லை. ரைஃபிளே கோளாறா? திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பத்துமீட்டர்

திருப்பிக் கொடுக்காதீர்கள் தம்பி. புகை வந்தது தொழிற்சாலையில் தடவிய எண்ணெய், அழுத்தத்தில் எரிகிறது. புது ரைஃபிளில் சகஜம். அது அடங்கும்வரை குறி நிலைக்காது.

‘முதல் வாரம் இவ்வளவு மோசமில்லை’ என்றீர்களே, அதுதான் துப்பு. மரக்கட்டையை இரும்போடு பிணைக்கும் ஸ்க்ரூக்களைப் பாருங்கள். முன்கட்டையில் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, டிரிகர் வளையத்தில் ஒன்றோ இரண்டோ இருக்கும். ஸ்பிரிங் ரைஃபிள் இரண்டு முறை உதைக்கும். பிஸ்டன் கிளம்பும்போது பின்னால், போய் முட்டும்போது முன்னால். அந்தக் குலுக்கலில் ஸ்க்ரூ கழன்றுகொண்டே வரும். முறுக்கி மரத்தை நசுக்கிவிடாதீர்கள், பிடிக்கும் வரை போதும். லாக்டைட் நீலம் (ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விடலாம். கிடைக்காவிட்டால் வீட்டில் நெயில் பாலிஷ் கேளுங்கள், தாங்கும்.

அடுத்தது உங்கள் பிடி. மணல் பையில் அழுத்துவதுதான் தவறான இடம். பெல்லட் இன்னும் குழலுக்குள் இருக்கும்போதே ரைஃபிள் குலுங்கத் தொடங்கிவிடும். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி குலுங்க விட்டால் குண்டு ஒரே இடத்துக்குப் போகும். இடது கையை விரித்து, உள்ளங்கையை மணல் பை மேல் வைத்து, அதன் மேல் முன்கட்டை சும்மா கிடக்கட்டும். விரலால் பிடிக்காதீர்கள். தோளிலும் லேசாகத் தொட்டால் போதும். கட்டை கையில் உட்காரும் இடத்தை டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள், தினமும் அதே இடம். சுட்ட பிறகு உடனே தலையைத் தூக்கிப் பார்க்க ஆசை வரும், ஒரு நொடி அப்படியே இருங்கள்.

பெல்லட் எது வாங்கினீர்கள்?

தோப்புக்காரன்

கடையில் கொடுத்த கூர்முனை டப்பா அண்ணா. 250 இருந்தது, பாதி தீர்ந்துவிட்டது. அது தீர்ந்த பிறகு வெறுமனே மடக்கி டிரிகர் பழகலாமா?

கொங்கு மெக்கானிக்

வேண்டாம், வேண்டவே வேண்டாம். பெல்லட் இல்லாமல் சுட்டால் முன்னால் காற்று மெத்தை இல்லாமல் பிஸ்டன் நேராகப் போய் மோதும். வாஷரும் ஸ்பிரிங்கும் சீக்கிரம் போய்விடும். பலூன் கடைக்காரர் ரைஃபிள் எல்லாம் ஏன் அப்படி ஆடுகிறது என்று நினைக்கிறீர்கள்?

பத்துமீட்டர்

கூர்முனையை டப்பா சுட வைத்துக்கொள்ளுங்கள். பேப்பருக்குத் தட்டை முனை பெல்லட். பேப்பர் பஞ்ச் வைத்த மாதிரி வட்டமான ஓட்டை விழும், எண்ண வசதி. ஆர்டபிள்யூஎஸ், எச் அண்ட் என் இரண்டும் ஜெர்மன், விலை கொஞ்சம் கூட. இந்தியத் தயாரிப்பும் கிடைக்கிறது. இரண்டு மூன்று வகையில் ஒவ்வொரு டப்பா வாங்கி, உங்கள் குழலுக்கு எது ஒத்துவருகிறது என்று சுட்டுப் பாருங்கள். பக்கத்து வீட்டு ரைஃபிளுக்கு ஒத்துப்போனது உங்களுக்கு ஒத்துப்போகாது, அதில் நியாயமெல்லாம் தேட முடியாது. பாவாடை, அதாவது விரிந்த பின்பகுதி, நசுங்கிய பெல்லட்டைப் பொறுக்கித் தள்ளிவிடுங்கள்.

ஈயம் என்பதால் சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டம்ளரைத் தொட வேண்டாம். பெல்லட்டை வாயில் கவ்விக்கொண்டு சுடும் பழக்கம் சிலரிடம் உண்டு, அது ஒருபோதும் கூடாது.

10 மீட்டர் போட்டி டார்கெட்டைப் பிரிண்ட் எடுக்கும்போது, பக்கத்துக்குள் பொருந்தச் சுருக்கும் தேர்வை நீக்கிவிடுங்கள். பிரிண்ட் வந்ததும் ஸ்கேல் வைத்துப் பாருங்கள், நடுவிலுள்ள கறுப்பு வட்டம் 30.5 மி.மீ. இருக்க வேண்டும். பத்து மதிப்பெண் தரும் நடுப்புள்ளி வெறும் அரை மி.மீ., அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

தோப்புக்காரன்

முன்கட்டை ஸ்க்ரூ இரண்டும் கையாலேயே சுற்றுகிற அளவுக்குக் கழன்றிருந்தது! முறுக்கி, உள்ளங்கையில் வைத்துச் சுட்டேன். கூர்முனை பெல்லட்டிலேயே ஐந்தில் நாலு ஒரு ரூபாய் நாணயத்துக்குள் விழுகிறது. ஒன்று மட்டும் எப்போதும் வெளியே ஓடுகிறது. தட்டை முனை பெல்லட்டுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். நண்பர் ஒருவர் தன் வேட்டை ரைஃபிளுக்காக வாங்கிய பழைய ஸ்கோப்பைத் தருகிறேன் என்கிறார். போடலாமா?

பத்துமீட்டர்

வேண்டாம். அந்த வகை ஸ்கோப் 100 கஜத்துக்கு அமைத்தது, 10 மீட்டரில் மங்கலாகத்தான் தெரியும், கண் கொஞ்சம் நகர்ந்தாலும் குறி நகரும். இந்த முன்னும் பின்னுமான உதைப்புக்கு அது உள்ளேயே கழன்றும் போகலாம். போடுவதானால் ஏர் ரைஃபிளுக்கென்றே செய்தது, 10 கஜம் வரை ஃபோகஸ் திருப்பும் வளையம் உள்ளது பாருங்கள். அதுவரை ரைஃபிளிலேயே இருக்கிற முன்குறியும் பின்குறியுமே போதும். குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின்குறியை நகர்த்துங்கள். இடது பக்கம் விழுந்தால் வலது பக்கம்.

அந்த ஐந்தாவது குண்டு, கடைசியாகச் சுட்டதா?

தோப்புக்காரன்

ஆமாம் அண்ணா, பெரும்பாலும் கடைசிதான். எப்படித் தெரிந்தது?

பத்துமீட்டர்

நாலும் ஒரே இடத்தில் விழுந்ததும் எல்லோருக்கும் கை நடுங்கும். ஐந்து ஐந்தாகச் சுட்டுப் பார்க்காதீர்கள், பத்துச் சுட்டுவிட்டு அப்புறம் போய்ப் பேப்பரைப் பாருங்கள்.