புதுப்பிப்பு: நோட் குறியாக்கம் உலாவியில் ஓடத் தொடங்கிவிட்டது

பாம்பன் கரையில் மீன்பாட்டுக் கணக்கைக் கைப்பேசி உலாவியிலேயே குறியாக்க (பிறர் படிக்க முடியாதபடி மறைக்க) முயன்றதையும், சேவையகத்தில் ஒழுங்காக ஓடிய நோட் (உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் தளம்) நிரல் அங்கே நின்றுபோனதையும் போன மாதம் இந்த இழையில் எழுதியிருந்தேன். இப்போது அது ஓடுகிறது.

நோட்டின் உள்ளமைந்த தொகுதிகளுக்கு மாற்றுகளைத் தானாகச் சேர்க்கும் வழக்கத்தை 2020-இல் வந்த வெப்பேக் 5 (நிரல் கோப்புகளை உலாவிக்காகத் தொகுக்கும் கருவி) கைவிட்டதே முதல் பிழைக்குக் காரணம். நோட்டின் குறியாக்கத் தொகுதிக்கு உலாவி மாற்றான கிரிப்டோ-பிரவுசரிஃபையைக் கையால் சேர்த்ததும் நிரல் ஓடியது என்றாலும், சிக்னல் ஒற்றைக் கோட்டில் நிற்கும் கடற்கரையில் அத்தனை கனமான கோப்பை இறக்கச் சொல்வது நியாயமாகப் படாததால், உலாவியிலேயே இருக்கும் குறியாக்க வசதியான வெப் கிரிப்டோவுக்கு மாறினேன்.

அங்கேதான் இரண்டு நாள் போயிற்று. ஏஇஎஸ்-ஜிசிஎம் என்ற குறியாக்க முறையில், தரவு மாற்றப்படவில்லை என்று உறுதிசெய்யும் 16 பைட் சரிபார்ப்புக் குறியை, மறைநீக்கும்போது நோட் தனியே கேட்கிறது. வெப் கிரிப்டோவோ அதை மறையுரையின் (குறியாக்கிய தரவின்) வாலிலேயே ஒட்டித் தருகிறது. கடைசி 16 பைட்டை நறுக்கித் தனியே கொடுத்த பிறகுதான், சேவையகத்தில் ‘வஞ்சிரம் 12 கிலோ’ என்ற வரி விரிந்தது.

இன்னொன்று: மடிக்கணினியில் லோக்கல்ஹோஸ்டில் (அதே கணினியைக் குறிக்கும் முகவரியில்) ஓடிய பக்கத்தை வைஃபை ஐபி முகவரி வழியே கைப்பேசியில் திறந்தால், வெப் கிரிப்டோவின் வாயிலான ‘கிரிப்டோ.சட்டில்’ என்பதே இருக்காது; பாதுகாப்பான இணைப்புக்கும் லோக்கல்ஹோஸ்டுக்கும் மட்டுமே உலாவி அதைத் தரும். எச்டிடிபிஎஸ் சான்றிதழைப் போட்டதும் வந்துவிட்டது. தரவின் சுருக்கக் கைரேகையைக் கணக்கிடும் பழைய முறையான எம்டி5 வெப் கிரிப்டோவில் கிடையாது. அந்த இடத்தில் எஸ்எச்ஏ-256 வைத்திருக்கிறேன்.